பெட்ரோல குடிச்சது மெயின் ஜெட் இல்ல, ஊசி

எங்க வீட்டு வண்டி அப்பா காலத்து புல்லட் 350, வலது பக்கம் கியரு, இடது பக்கம் பிரேக்கு, பழைய இரும்பு இன்ஜின். நான் போடியிலேர்ந்து வாரத்துக்கு மூணு நாலு தடவ பூப்பாறைக்குப் போய் வரணும், அங்க ஒரு ஏலக்கா ஸ்டோர்ல கணக்கு பாக்குற வேல. போக வர 70 கிலோமீட்டர் சொச்சம், அதுல பாதிக்கு மேல மலை, முந்தல் தாண்டுனா 17 கொண்ட ஊசி வளைவு, போடிமெட்டுல ஏறி நின்னா கேரளா போர்டு. ஜீப்புல போகலாம்ல, ஆளுக காலைல மூட்ட மாதிரி அடுக்கிட்டுப் போறாங்களேன்னு கேப்பீங்க, போலாம்தான், ஆனா திரும்ப வர்ற நேரம் நம்ம கையில இல்ல, அதனால வண்டிதான். வண்டின்னா பெட்ரோல், பெட்ரோல்னா கணக்கு, கணக்கு பாக்குறவன் வண்டிக்கு மட்டும் கணக்கு பாக்காம இருப்பானா, ஏலக்கா எடை எழுதுற பழைய நோட்டுல பின் பக்கத்துலேர்ந்து நான் எழுதிட்டு வர்றேன், எத்தன லிட்டர் போட்டேன், எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு.

நோட்டுல லிட்டருக்கு 34, 35 கிலோமீட்டர்னு இருந்தது கொஞ்சம் கொஞ்சமா 30க்கு எறங்கிருச்சு. ஒரே நாள்ல இல்ல, ரெண்டு வருசமா. வண்டியும் நடுவுல ஒரு மாதிரி கும்முனு இழுக்காம பொகையா தள்ளுச்சு. சரி காட்டலாம்னு டவுன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன், பெரிய கடை, பளபளன்னு இருக்கும், பேரு வேண்டாம். அந்தத் தம்பி வண்டிய ஒரு முறுக்கு முறுக்கிப் பாத்துட்டு, "அண்ணே இந்த கார்பேட்டர் சின்னதுண்ணே, 24 எம்எம், மூச்சு முட்டுது வண்டிக்கு, புல்லட் 500ல வர்ற 28 எம்எம் ஒண்ணு செகண்ட்ஸ்ல கெடக்கு, மாட்டிருவோம், மலைல பறக்கும், மைலேஜும் கூடும்"னான். பறக்கும்னு சொன்னது கூட பரவால்ல. மைலேஜும் கூடும்னு சொன்னதுலதான் நான் விழுந்தேன்.

மாட்டுனான். முழுசா முறுக்குனா வண்டி நல்லாத்தான் போச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா நோட்டுல லிட்டருக்கு 24. தப்பா போட்டுட்டேனோன்னு மறுபடியும் அதே பங்க், அதே எடம், சென்டர் ஸ்டாண்டு போட்டு கழுத்து வரைக்கும் ஊத்தி, மூணு ட்ரிப்பு போய் வந்து மறுபடியும் ஊத்துனேன். 24தான். புள்ளிக்குப் பின்னாடி வர்றதெல்லாம் நான் எழுதுறது இல்ல, மனசு வலிக்கும்.

இங்க கொஞ்சம் நிறுத்தி, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற இந்த கார்பேட்டரோட சைசுன்னா என்னன்னு சொல்லிடுறேன், ஏன்னா இந்த ஒரு விசயத்துல பாதி மெக்கானிக்கும் முக்கால்வாசி வண்டிக்காரனும் கொழம்பித்தான் கெடக்காங்க. ஆண்டிபட்டி பக்கம் போனா காத்தாடியா நட்டு வச்சிருப்பான்ல, மலைக்கு நடுவுல இருக்குற கணவாய்ல காத்து நெருங்கிப் போகும்போது வேகம் கூடும், அதுக்குத்தான் அங்க நட்டது. கார்பேட்டர் தொண்டையும் அதே கணவாய்தான். நெருக்கமான எடத்துல காத்து வேகமா போகும், வேகமா போற எடத்துல அழுத்தம் கொறையும், அந்தக் கொறஞ்ச அழுத்தம் கீழ கிண்ணத்துல நிக்கிற பெட்ரோல ஜெட்டுங்கிற சின்ன ஓட்ட போட்ட பித்தளத் துண்டு வழியா உறிஞ்சி மேல தூக்கும். வெஞ்சூரின்னு ஒரு இத்தாலிக்காரர் பேரத்தான் அந்தத் தொண்டைக்கு வச்சிருக்காங்க. அதாவது பெட்ரோல தள்ளி விடுறதுக்கு உள்ள ஒரு பம்பும் கெடையாது, காத்தோட வேகம்தான் பம்பு.

இப்ப தொண்டைய 24லேர்ந்து 28 ஆக்குனா என்னாகும். பரப்பளவு விட்டத்தோட வர்க்கம், 28ஐ 24ஆல வகுத்து வர்க்கம் போட்டா 1.36. முப்பத்தாறு சதம் பெரிய ஓட்ட. இன்ஜின் அதே 350தான், மெதுவா ஓடும்போது அது இழுக்குற காத்து அதேதான், அதே காத்து பெரிய ஓட்டைல போனா வேகம் கொறையும், வேகம் கொறஞ்சா உறிஞ்சுற சக்தி கொறையும், பெட்ரோல் பொடிப்பொடியா பூவா தெறிக்காம சொட்டு சொட்டா வழிஞ்சு, இன்ஜினுக்குப் போற மேனிபோல்டு குழாயோட சுவத்துல ஒட்டும். ஒட்டுனது ஒழுங்கா எரியாது. திடீர்னு முறுக்குனா வண்டி ஒரு செகண்டு விக்கும். அந்த விக்கல மறைக்கத்தான் கடைக்காரத் தம்பிங்க எல்லா பக்கமும் பெட்ரோல கூட்டி வச்சுருவாங்க, மெதுவா ஓடுறப்ப பெட்ரோல் குடுக்குற ஸ்லோ ஜெட்ட பெருசு, பெட்ரோல் குழாய்க்குள்ள ஏறி எறங்குற ஊசிய மேல தூக்கு, மெயின் ஜெட்டும் பெருசு. விக்கல் நின்னுரும், கஸ்டமர் சந்தோசமா போயிருவான், பில்லு அப்புறம் பங்க்ல வரும்.

அதனால பெரிய கார்பேட்டர் பெட்ரோல் குடிக்கும்ங்கிறது அப்படியே உண்மையும் இல்ல. 40 கிலோமீட்டர் வேகத்துல சமதரைல போக இன்ஜினுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு காத்தும் பெட்ரோலும்தான் வேணும், 24 ஆனாலும் 28 ஆனாலும், முறுக்குனா தொண்டைய தெறக்குற ஸ்லைடு அதுக்குத் தக்கன தெறந்து நிக்கும், பெருசுல கொஞ்சம் கம்மியா தெறக்கணும், அவ்வளவுதான். ஆனா நம்ம கை பழைய பழக்கத்துல அதே அளவு முறுக்கும், காத்து கூட போகும், வேகம் கூடும், பிரேக்க அமுக்குவோம், மறுபடி முறுக்குவோம். கார்பேட்டர் பாதி குடிக்குது, கை பாதி குடிக்குது.

எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது எல்லாரும் சொல்ற ஒரே மந்திரம், ஜெட்ட சின்னதாக்கு மைலேஜ் வரும். போடில நம்ம சேக்காளி ஒருத்தன் பட்டற வச்சிருக்கான், அவன்கிட்ட போய், "மாப்ள இதுல 110 மெயின் ஜெட் கெடக்கு, 100 போடு"ன்னேன். அவன் தலைய சொறிஞ்சுகிட்டே, "போடுறேன்டா, ஆனா அதுனால ஒண்ணும் ஆகாது"ன்னான். ஏன்டான்னு கேட்டா சொல்லத் தெரியல அவனுக்கு. கை அறிவு, வாயில வராது.

ஜெட் நம்பரப் பத்தி ஒரு சின்ன வெசயம், கடைல போய் வெறும் நூறு குடுங்கன்னு கேக்காதீங்க. கெய்ஹின் கம்பெனி ஜெட்ல நம்பர்ங்கிறது ஓட்டையோட விட்டம், 100ன்னா ஒரு மில்லிமீட்டர், 105ன்னா 1.05. மிக்குனி கம்பெனியோட அறுகோண மெயின் ஜெட்ல நம்பர் எவ்வளவு பெட்ரோல் ஓடுதுங்கிறதுக்கு. ரெண்டும் வேற கணக்கு, இதோட நூறும் அதோட நூறும் ஒண்ணு இல்ல. விட்டக் கணக்குல அஞ்சு சதம் கூடுனா பரப்பு பத்து சதம் கூடும், அவ்வளவு நுணுக்கமான ஓட்ட அது. அதுல போய் அழுக்கு அடச்சிருச்சுன்னு கிளட்ச் கேபிள் நரம்ப விட்டு குத்துறாங்க பாருங்க, ஜெட் பித்தள, நரம்பு எஃகு, ரெண்டு தடவ குத்துனா 90 ஜெட்டு என்ன நம்பர்னு அந்த ஜெட்டுக்கே தெரியாது. இதுக்கு எதிர்மாத்தும் உண்டு, மைலேஜுக்காக ஜெட்டுக்குள்ள ஒரு செம்புக் கம்பி இழைய விட்டு மடக்கி வைக்கிறது, ஓட்ட சின்னதாகும்ல. எங்க மாமா ஒருத்தர் பல வருசம் அப்படித்தான் ஓட்டுனாரு. நல்லா வெளக்கெண்ண மாதிரி போகும் அந்த வண்டி.

சரி, 100 போட்டாச்சு. நோட்டுல 24. ஒரு தடவ 24க்கு மேல ஒரு துளி வந்துச்சு, அது காத்து அடிச்ச தெசையா இருக்கும். ஆனா வேற ஒண்ணு நடந்துச்சு, தேனி ரோட்டுல ஒரு லாரிய முந்த முழுசா முறுக்குனா இன்ஜின் உள்ள டிக் டிக் டிக்னு தட்டுது. வீட்டுக்கு வந்து ஸ்பார்க் ப்ளக்க கழட்டுனா சுண்ணாம்பு மாதிரி வெள்ள. பெட்ரோல் பத்தாம சூடா ஓடுதுன்னு அர்த்தம், பெட்ரோல் எரியுறது மட்டும் இல்ல, ஆவியாகும்போது உள்ள குளிர்ச்சியும் குடுக்கும், அது கொறஞ்சா பிஸ்டன் கதறும். அப்ப பாருங்க, வண்டி ஒரே நேரத்துல முழு முறுக்குல பட்டினி, மைலேஜ்ல பாத்தா பெருந்தீனி. எனக்கு மண்ட காஞ்சு போச்சு.

அப்புறம்தான் பூப்பாறைல ஸ்டோருக்கு எதிர் எறக்கத்துல ஒரு சேட்டன் பட்டற வச்சிருக்காரு, அறுபது வயசு இருக்கும், அவர்கிட்ட கட்டஞ்சாயா குடிக்கிற சாக்குல புலம்புனேன். அவரு நோட்ட வாங்கிப் பாத்தாரு, எனக்கு அதே பெரும, யாரும் என் நோட்ட பாத்தது இல்ல. பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "அண்ணாச்சி நீங்க எத்தன முறுக்குறீங்க?" எனக்குப் புரியல. "மெட்டு ஏறும்போது கை எங்க நிக்குது?" தெரியலையே சேட்டா, ஏறுற அளவுக்கு முறுக்குவேன்னேன். சிரிச்சுட்டு ஒரு வெள்ள இன்சுலேசன் டேப்ப எடுத்து கைப்பிடி ரப்பர் மேல ஒரு துண்டு ஒட்டுனாரு, பக்கத்துல அசையாத எடத்துல இன்னொரு டேப் ஒட்டி பேனாவால மூடுனது, கால், அர, முக்கால், முழுசுன்னு அஞ்சு கோடு போட்டாரு. "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, வளைவுல மட்டும் பாக்காதீங்க, விழுந்துருவீங்க."

நீங்க யாராவது கார்பேட்டர் வண்டி வச்சிருந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இத ஒண்ணு செஞ்சு பாருங்க, ரெண்டு இஞ்சு டேப்பு செலவு. நான் என்னமோ மலைல முக்கால்வாசி முறுக்கித்தான் ஏறுறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். கெடையாது. மூணாவது கியர்ல 30, 35ல புலியூத்து பக்கம் ஏறும்போது டேப்பு காலுக்கும் அரைக்கும் நடுவுல நிக்குது. போடி டவுனுக்குள்ள கால தாண்டவே இல்ல. எறங்கும்போது முழுக்க மூடுனபடிதான். ஒரு வாரத்துல முக்கால் கோட்ட நான் தாண்டுனது மொத்தம் ஆறோ ஏழோ தடவ, அதுவும் பத்து பத்து செகண்டு.

இப்ப சேட்டன் வெளக்குனத நான் என் பாஷைல சொல்றேன். மூடுனதுலேர்ந்து கால் முறுக்கு வரைக்கும் பெரும்பாலும் ஸ்லோ ஜெட்டும், அதுக்கு காத்த அளக்குற ஏர் ஸ்க்ரூவும், ஸ்லைடோட அடி வெட்டும் பாத்துக்கும். காலுக்கு மேல முக்கால் வரைக்கும் ஊசியும் ஊசி போற குழாயும். முக்காலுக்கு மேலதான் மெயின் ஜெட்டுக்கு ராஜ்யம். கோடு கிழிச்ச மாதிரி பிரியாது, ஒண்ணோட எல்லைல இன்னொண்ணு கொஞ்சம் கை வைக்கும், ஆனா கால் அர முறுக்குல ஊசிக்கும் குழாய்க்கும் நடுவுல இருக்குற சந்து மெயின் ஜெட் ஓட்டைய விட சின்னது, சின்ன வாசல்தான் கூட்டத்த நிறுத்தும், பின்னாடி இருக்குற கேட்டு எவ்வளவு பெருசா இருந்தா என்ன. நான் வாரம் பூரா வாசல்ல நின்னுட்டு கேட்ட மாத்திகிட்டு இருந்திருக்கேன்.

அன்னிக்கே 28ஐ தெறந்தாரு. ஊசிய ஒரு உயரத்துல புடிச்சு நிறுத்த லாக் போடுற கட்டு, அதாவது வெட்டு, அஞ்சு இருக்கும்ல, லாக்கு கடைசி கீழ் கட்டுல கெடக்கு, அதாவது ஊசி முடிஞ்ச மட்டும் மேல தூக்கி நிக்குது, அதுதான் இருக்குறதுலயே அதிக பெட்ரோல். இது நெறைய பேருக்கு தலைகீழா மனசுல இருக்கும், லாக்க கீழ எறக்குனா ஊசி மேல ஏறும், பெட்ரோல் கூடும், லாக்க மேல ஏத்துனா ஊசி எறங்கும், கொறையும். ரெண்டு கட்டு மேல ஏத்துனாரு. மெயின் ஜெட்ட பழையபடி 110ஏ போட்டாரு, "முழுசா முறுக்குறப்ப அதுக்கு சோறு குடுக்கணும் அண்ணாச்சி, அங்க பிசுக்காதீங்க"ன்னு. ஏர் ஸ்க்ரூவ ஐடிலிங்ல வச்சு, இது காத்துப் பக்கம் இருக்குற ஸ்க்ரூ, வெளிய கழட்டுனா காத்து கூடி பெட்ரோல் கொறையும், சில வண்டில இன்ஜின் பக்கம் இருக்கும் அதுல நேர் எதிர், அத மெதுவா திருகி சத்தம் எங்க உச்சத்துக்கு வருதோ அங்க நிறுத்துனாரு. நோட்டுல 29. மெயின் ஜெட்ட பெருசாக்கி மைலேஜ் அஞ்சு கூடுன ஆளு நானாத்தான் இருப்பேன்.

ஆனா 29 போதுமா, முன்னாடி 35 வந்த வண்டியாச்சே. பழைய 24ஐ கோணிப்பைலேர்ந்து எடுத்துட்டுப் போனேன். அவரு ஊசிக் குழாய கழட்டி வெளிச்சத்துக்கு எதுக்க தூக்கிக் காட்டுனாரு, வட்டமா இருக்க வேண்டிய ஓட்ட நீளமா, முட்ட மாதிரி. வண்டி அதிர்ற அதிர்ச்சில ஊசி உள்ள ஆடி ஆடி வருசக்கணக்கா பித்தளைய ஒரசித் தின்னுருக்கு. ஊசியும் ஒரு எடத்துல மினுமினுன்னு தேஞ்சு இருக்கு. 35 ஏன் 30 ஆச்சு, நடுவுல ஏன் பொகையா தள்ளுச்சு, எல்லாத்துக்கும் பதில் அந்த முட்ட ஓட்டைல இருந்துச்சு. அந்தப் பளபள கடைல கார்பேட்டர தெறந்து கூட பாக்கல, பாத்திருந்தா ஊசியும் குழாயும் மாத்தி அன்னிக்கே அனுப்பியிருக்கலாம், நான் கணக்கு பாத்தேன், அந்த 28 வாங்குன காசுக்கு பல செட்டு வாங்கலாம். ஊசிய மட்டும் மாத்திட்டு குழாய விட்டுறாதீங்க, ரெண்டும் ஜோடிதான், வெத்தலையும் சுண்ணாம்பும் மாதிரி.

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்கா எரிய ஏறக்கொறைய 9000 லிட்டர் காத்து வேணும், எடைக் கணக்குல பெட்ரோல் ஒண்ணுன்னா காத்து 14.7. இழுவைக்கு 12.5, 13ன்னு கொஞ்சம் பெட்ரோல் தூக்கலா இருக்கணும், மைலேஜுக்கு 15.5, 16ன்னு சிக்கனமா. ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா வண்டி செஞ்சவன் அத முறுக்கோட அளவுலயே பிரிச்சு வச்சிட்டான், அர முறுக்குல ஊசி சிக்கனமா போகட்டும், முழு முறுக்குல மெயின் ஜெட் தாராளமா குடுக்கட்டும்னு. மெயின் ஜெட்ட சின்னதாக்குறவன் தாராளமா இருக்க வேண்டிய எடத்துல கஞ்சத்தனம் பண்றான்.

இதுல மலைக்கு ஒரு கத இருக்கு. மெட்டு 1300, 1400 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறுனா காத்தோட அடர்த்தி ஒம்பது பத்து சதம் கொறையும். காத்து லேசாகுது, பெட்ரோல் லேசாகாது, கலவைல பெட்ரோல் தூக்கலாகும். கணக்கு போட்டா அடர்த்தியோட வர்க்கமூலம் வரும், மெட்டுல ஒரு ஆறு சதம் தூக்கல். குளிரு கொஞ்சம் அடர்த்திய திருப்பிக் குடுக்கும், முழுசா இல்ல. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதம் எத்தனால். எத்தனாலுக்கு ஒண்ணுக்கு 9 காத்து போதும், அதனால இ20க்கு 14.7 இல்ல, 13.5 பக்கம்தான் வேணும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஜெட் போட்ட அப்பா காலத்து வண்டில இ20 ஊத்துனா எட்டு சதம் பட்டினி. ஆக போடில என் வண்டி பட்டினி, மெட்டுல ஏறுனா மலை பாத்து சரி பண்ணி விடுது. எனக்கு இத நெனச்சா சிரிப்பா வரும், மலைக்காகன்னு ஜெட்ட கொறைக்கணும்னு ஒரு காலத்துல சொன்னாங்க, இப்ப அரசாங்கமே கொறச்சுக் குடுத்துருச்சு. ஆனா மைலேஜ் திரும்பி வரும்னு எதிர்பாக்காதீங்க, எத்தனால்ல லிட்டருக்கு சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, கலந்ததுல ஆறு ஏழு சதம் போயிரும், அத எந்த ஊசியாலயும் மீட்க முடியாது.

எறக்கத்த மறந்துட்டேன். எறங்கும்போது கியர்ல போட்டு கைய மூடி வந்தா பெட்ரோல் செலவே இல்லன்னு நெனப்போம். இப்ப வர்ற எஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீச்சுற வண்டில அது சரி, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற பொகை விதி வந்ததுலேர்ந்து கார்பேட்டர் அநேகமா போயிருச்சு, அதுல கைய மூடுனா கம்ப்யூட்டரே பெட்ரோல நிறுத்திரும். கார்பேட்டர்ல நிறுத்த ஆளில்ல, இன்ஜின் சுத்துற வேகத்துக்கு ஸ்லோ ஜெட் வழியா உறிஞ்சிகிட்டேதான் வரும், அதுவும் 17 வளைவும். அதனால எங்கள மாதிரி மலை எறங்குறவனுக்கு ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் சில்லற விசயம் இல்ல. அதுக்காக ரொம்பவும் கொறச்சா எறக்கத்துல சைலன்சர் பட் பட்னு வெடிக்கும், வெடிச்சா பெட்ரோல் கூடிருச்சுன்னு சில பேரு இன்னும் கொறைப்பாங்க, பெரும்பாலும் அது கொறஞ்சு போனதால வர்ற சத்தம். அப்புறம் சாவிய ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட நான் பேசுறதே இல்ல, கீழ பள்ளத்த பாத்தும் மிச்சம் புடிக்கிற பெட்ரோலுக்கு ஆசப்படுறவன்கிட்ட என்னத்த பேசுறது.

இப்ப வண்டில 24தான் இருக்கு, புது ஊசி, புது குழாய், லாக்கு நடுக்கட்டுல, மெயின் ஜெட் வண்டியோட வந்த 90. இ20க்கு ஒரு நம்பர் கூட்டலாமான்னு சேட்டன கேட்டேன், ப்ளக்கு டீ கலர்ல இருக்குற வரைக்கும் கைய வைக்காதீங்கன்னுட்டாரு. நோட்டுல கடைசி மூணு வரி 33, 34, 33. கைப்பிடி டேப்ப நான் பிய்க்கல, மழைல பேனாக் கோடு அழிஞ்சு போச்சு, ஆனா கைக்கு இப்ப எடம் தெரியுது.

28 பரண்ல கெடக்கு. தங்கச்சி பையன் நேத்து வந்து, "மாமா அத என் வண்டிக்குக் குடுங்க, பிக்கப் கூடும், மைலேஜும் கூடும்னு ஒரு கடைல சொன்னாங்க"ங்கிறான். எந்தக் கடைடான்னு கேட்டேன். அதே கடை.